மாறாத முகவரி

நுழையும்முன்

ஓர் ஆய்வகத்தின் பணியை அறிய விரும்புவோர் இன்று முதலில் நாடுவது அதன் இணையதளத்தையே. கட்டடத்திற்குக் காவலரும் நூலகத்திற்கு நூலகரும் இருப்பதுபோல இணையதளத்திற்கும் பேணுநர் வேண்டும். உலகின் முதல் இணையதளம் ஓர் ஆய்வகத்தில்தான் பிறந்தது; அதன் தொடக்க வடிவத்தை அந்த ஆய்வகமே இழந்தது. அவ்விழப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், ஆய்வகத் தளங்களைப் புதுப்பிப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வந்து செல்லும் ஆய்வாளர்கள்

சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜெனிவா நகருக்கு அருகே, செர்ன் எனப்படும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. 1954ஆம் ஆண்டு தோன்றிய இந்நிறுவனத்திற்குப் பல நாட்டு இயற்பியலாளர்கள் வருவர்; சில காலம் பணியாற்றுவர்; பின்னர்த் தத்தம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்புவர். நிலத்தடியில் நிறுவப்பட்ட துகள் முடுக்கிகள் அங்கேயே இருக்கும். அவற்றை இயக்கியோர் பெற்ற பட்டறிவோ அவர்களுடனேயே சென்றுவிடும். எந்தக் கருவிக்கு எந்த மென்பொருள் பயன்பட்டது, அதை எழுதியவர் யார், அதன் விளக்கக் குறிப்பு எந்தக் கணினியில் உள்ளது என்பனவற்றைப் புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் மீண்டும் தொடக்கத்திலிருந்து கேட்டறிய வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முற்பட்டவர் அங்குப் பணியாற்றிய ஆங்கிலேயக் கணினி அறிஞர் டிம் பெர்னர்ஸ் லீ. 1989 மார்ச்சு மாதம் அவர் தம் மேலாளரிடம் ஒரு முன்மொழிவை அளித்தார். ஆய்வாளர் ஒருவர் அங்குத் தங்கும் காலம் பெரும்பாலும் ஈராண்டுகளே என்பதால் தகவல் இடைவிடாது தொலைந்துகொண்டிருக்கிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து. மேலாளர் மைக் செண்டால், முன்மொழிவு தெளிவற்றதாயினும் ஆர்வமூட்டுகிறது என்று அதன் முகப்பில் குறித்துவைத்தார். அந்தச் சிறு குறிப்பின் நிழலில்தான் வையக விரிவு வலை வளர்ந்தது. உலகை இணைக்கும் பெருநோக்கம் பின்னர் வந்து சேர்ந்தது. ஓர் ஆய்வகத்தின் மறதியைப் போக்குவதே முதல் நோக்கமாக இருந்தது.

1990ஆம் ஆண்டின் இறுதியில் முதல் வழங்கியும் முதல் உலாவியும் இயங்கத் தொடங்கின. பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் இராபர்ட் கைலியோ அம்முயற்சிக்குத் துணைநின்றார். நிகோலா பெல்லோ என்னும் மாணவி, எவ்வகைக் கணினியிலும் இயங்கக்கூடிய எளிய வரிநிலை உலாவியை எழுதினார். வழங்கியாகப் பயன்பட்டது பெர்னர்ஸ் லீயின் மேசைமீதிருந்த ஒரே ஒரு நெக்ஸ்ட் கணினி. யாரேனும் அறியாமல் அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் உலகின் இணையதளம் முழுவதும் நின்றுபோகும்! எனவே, இப்பொறி ஒரு வழங்கி, இதனை நிறுத்தலாகாது எனச் சிவப்பு மையால் எழுதி அதன்மீது ஒட்டியிருந்தார். இணையதளப் பராமரிப்பின் முதற்கருவி அந்தத் துண்டுச்சீட்டே எனலாம்.

நூலகர் கண்ட பயன்

1991ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தைச் சேர்ந்த பால் குன்ஸ் என்னும் இயற்பியலாளர் செர்னுக்கு வந்தார். வலையின் செயல்பாட்டைக் கண்டு வியந்த அவர், அம்மென்பொருளுடன் ஊர் திரும்பினார். அம்மையத்தின் நூலகர் லூயிஸ் அடிஸ் அதனைக் கண்டதும் அதன் பயனை உடனே உணர்ந்தார். துகள் இயற்பியல் கட்டுரைகளைப் பற்றிய ஸ்பையர்ஸ் என்னும் பெருந்தரவுத்தளம் அவருடைய நூலகத்தில் இருந்தது. அதனைத் தேடும் முறை கடினமானது. தொலைவிலிருப்போர்க்கு மேலும் கடினமானது. வலையின் வழியே தேட முடிந்தால் உலகெங்குமுள்ள இயற்பியலாளர்க்கு அந்நூலகத்தின் கதவு திறந்துவிடும்.

1991 டிசம்பர் 12 அன்று அம்மையத்தின் வழங்கி இயங்கத் தொடங்கியது. ஐரோப்பாவிற்கு வெளியே நிறுவப்பட்ட முதல் வலை வழங்கி அதுவே. அதன் முதற்பக்கத்தில் சில வரிகளே இருந்தன, படமில்லை, வண்ணமில்லை. ஆயினும் அந்தச் சில வரிகளுள் ஒன்று ஆய்வாளர்க்கு வேண்டிய தரவுத்தளத்திற்கு வழிகாட்டியது. அடுத்த மாதம் பிரான்சில் நடந்த இயற்பியலாளர் கூட்டமொன்றில் பெர்னர்ஸ் லீ வலையை விளக்கிக் காட்டியபோது, கடல் கடந்த அந்நூலகத்தில் தேடிக் காட்டித்தான் தம் உரையை முடித்தார்.

ஓர் ஆய்வகத் தளத்தின் மதிப்பு அதன் தோற்றத்தில் இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. அத்தளத்தைப் பேணியவர்களும் அதற்கெனப் பணியமர்த்தப்பட்டவர்கள் அல்லர். நூலகரும் இயற்பியலாளரும் நிரலாளரும் தத்தம் பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி அதனைக் கவனித்தனர். 'வலை மந்திரவாதிகள்' என்று அக்குழுவினர் தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர்.

புதுப்பித்ததால் இழந்தது

இனி முதல் தளத்தின் கதைக்குத் திரும்புவோம். வலை என்பது யாது, அதன் மென்பொருளை எங்ஙனம் பெறலாம், இதில் ஈடுபட்டுள்ளோர் யாவர் என்பனவற்றை விளக்கும் எளிய பக்கமாக அது இருந்தது. திட்டம் நாள்தோறும் வளர்ந்தது. புதிய வழங்கி ஒன்று தோன்றினால் அதற்கான வரி சேர்ந்தது. மென்பொருள் மாறினால் விளக்கமும் மாறியது. பேணுநர் ஒருவர் செய்ய வேண்டிய கடமையை அவர்கள் குறைவின்றிச் செய்தனர். ஆனால், ஒவ்வொரு முறையும் புதிய வரி பழைய வரியின்மீதே எழுதப்பட்டது. நாள்தோறும் மாறிய அப்பக்கத்தின் தொடக்க வடிவத்தை எவரும் தனியே எடுத்து வைக்கவில்லை. உலகின் முதல் வலைப்பக்கம் முதல் நாளில் எப்படித் தோன்றியது என்று காட்டும் படம்கூடச் செர்னிடம் இல்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர்கள் உற்றுநோக்க வேண்டும். புதுப்பித்தல் வேறு, பேணுதல் வேறு. சுவருக்கு வெள்ளையடிப்பவர் பழைய சுண்ணத்தைச் சுரண்டி எறியலாம். அச்சுவரில் கல்வெட்டு இருந்தால் என்னாவது? இணையதளத்தில் பழையதை நீக்கிப் புதியதை இடுவது மிக எளிது. ஒரு விசையை அழுத்தினால் போதும். அந்த எளிமையே ஆபத்தாகிறது. தகவல் தொலைவதைத் தடுக்கப் பிறந்த கருவியே தன் பிறப்புச் சான்றைத் தொலைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

முகவரி என்னும் வாக்குறுதி

பக்கத்தை இழப்பது ஒருவகை. பக்கம் இருந்தும் அதற்குச் செல்லும் வழியை இழப்பது மற்றொரு வகை. ஆய்வுக்கட்டுரை எழுதுபவர், தரவு கிடைக்கும் இணைய முகவரியைக் குறிப்பில் தருகிறார். சில ஆண்டுகளுக்குப்பின் ஆய்வகம் தன் தளத்தைச் சீரமைக்கிறது. கோப்புகள் வேறோர் உறைக்கு மாற்றப்படுகின்றன. கட்டுரையில் அச்சான முகவரியோ மாறுவதில்லை. அதனைத் தேடிச் செல்லும் மாணவருக்கு '404' என்னும் எண்ணே விடையாகக் கிடைக்கிறது. கேட்ட பக்கம் இங்கில்லை என்பது அதன் பொருள்.

இது அரிதாக நிகழ்வதன்று. 2013ஆம் ஆண்டில் இணையத்தில் இருந்த பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப்பின் கிடைக்கவில்லை எனப் பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. பாடநூலில் நூறு பக்கங்களைப் புரட்டும்போது முப்பத்தெட்டுப் பக்கங்கள் வெற்றுத்தாளாக இருந்தால் அந்நூலை எவ்வாறு படிப்பது?

1998ஆம் ஆண்டு பெர்னர்ஸ் லீ இதுகுறித்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்களே மாற்றுகின்றனர் என்பது அதன் சாரம். மாறக்கூடிய எதனையும் முகவரியில் வைக்கலாகாது என அவர் அறிவுறுத்தினார். பக்கத்தை எழுதியவரின் பெயரை முகவரியில் சேர்த்தால், அவர் வேறு பணிக்குச் சென்றதும் முகவரி பொருந்தாமல் போகும். 'புதியது', 'நடப்பில் உள்ளது' போன்ற சொற்களைச் சேர்த்தால், அடுத்த ஆண்டே அவை பொய்யாகும். பயன்படும் மென்பொருளின் பெயரைச் சேர்த்தால், மென்பொருள் மாறும்போது முகவரியும் மாறும். பக்கம் உருவான நாள் மட்டும் எக்காலத்தும் மாறாது. எனவே அதனைச் சேர்ப்பதில் தவறில்லை. முகவரியை மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்திற்குத் தானே அழைத்துச் செல்லும் ஏற்பாட்டை வழங்கியில் செய்துவைக்க வேண்டும். வீடு மாறிச் செல்பவர் அஞ்சல் நிலையத்தில் புதிய முகவரியை எழுதித் தருவதை ஒத்தது இது. செய்வதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஆயினும் செய்யப்படாமலே விடப்படும் பணிகளுள் இதுவே முதன்மையானது.

மறைக்காமல் திருத்துதல்

ஆய்வகத் தளத்தில் பிழை நேர்ந்தால் என்ன செய்வது? ஓசையின்றித் திருத்திவிடுவதே பலருக்கும் தோன்றும் வழி. பெயரில் நேர்ந்த எழுத்துப்பிழைக்கு அது போதும். ஓர் அளவீடோ முடிவோ தவறாக வெளியாகியிருந்தால் போதாது. பழைய எண்ணை நம்பித் தம் கணக்கைச் செய்தவர் எங்கேனும் இருப்பார். திருத்தம் நிகழ்ந்ததை அவர் அறிய வேண்டும்.

1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் பால் ஜின்ஸ்பார்க் என்னும் இயற்பியலாளர் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் கட்டுரைக் களஞ்சியம் இதற்குத் தக்க வழியைக் காட்டியது. அச்சுக்கு முந்தைய கட்டுரைகளை ஆய்வாளர்கள் அதில் வெளியிடுகின்றனர். ஒருவர் தம் கட்டுரையைத் திருத்தினால் அது இரண்டாம் வடிவம் என எண்ணிடப்பட்டு முன்னிற்கும். முதல் வடிவமும் அருகிலேயே இருக்கும். ஆசிரியரே கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் முந்தைய வடிவம் அழிக்கப்படுவதில்லை. 2001இல் அக்களஞ்சியம் கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு இடம்பெயர்ந்தபோதும் கட்டுரைகளின் எண்கள் மாறவில்லை.

புரதங்களின் முப்பரிமாண அமைப்பைச் சேர்த்துவைக்கும் புரதத் தரவு வங்கியும் இந்நெறியையே பின்பற்றுகிறது. 1971ஆம் ஆண்டு புரூக்கேவன் தேசிய ஆய்வகத்தில் 7 அமைப்புகளுடன் தொடங்கிய அதில் இன்று 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. வாரந்தோறும் புதன்கிழமை புதிய பதிவுகள் வெளியாகின்றன. உலகெங்கும் மருந்து வடிவமைப்போர் அந்த நாளை அறிவர். ஒவ்வோர் அமைப்பிற்கும் நான்கு குறிகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினின் பழைய பதிவொன்றுக்கு மாறாக 1984இல் திருந்திய பதிவு வெளியிடப்பட்டது. பழைய அடையாளத்தை இன்று தேடினாலும், அது விலக்கப்பட்டது என்ற குறிப்பும் அதன் இடத்தைப் பெற்ற பதிவு எது என்ற வழிகாட்டலும் கிடைக்கின்றன. தவறியதை ஒப்புக்கொண்டு வழிகாட்டும் இம்முறை, குறையே இல்லாததுபோல் காட்டிக்கொள்ளும் தளத்தைவிட நம்பத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் 1991ஆம் ஆண்டு ஒரு காப்பிக் குவளையை நோக்கி ஒளிப்படக்கருவி பொருத்தப்பட்டது. காப்பி தீர்ந்துவிட்டதா என்பதை இருக்கையிலிருந்தே அறிவதற்காகச் செய்த ஏற்பாடு அது! 1993இல் அப்படம் வலையில் இடம்பெற்று உலகப்புகழ் பெற்றது. ஆய்வகம் புதிய கட்டடத்திற்கு மாறியதாலும், பழைய மென்பொருளைப் பராமரிக்க இயலாமற்போனதாலும் 2001 ஆகஸ்டு 22 அன்று அது நிறுத்தப்பட்டது. அக்குவளையை ஜெர்மானிய இதழ் ஒன்றின் இணையப்பிரிவு 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.

மூப்படையும் கருவிகள்

ஏட்டைக் கரையான் அரிக்கும். இணையப் பக்கத்தை எது அரிக்கும்? எழுத்து அப்படியே இருக்கும். அதனைக் காட்டும் கருவி மூப்படைந்துவிடும். பிளாஷ் என்னும் மென்பொருள் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அசையும் படங்களையும் செயல்விளக்கங்களையும் உருவாக்க உலகெங்கும் ஆய்வகங்களும் பள்ளிகளும் அதனைப் பயன்படுத்தின. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதன்பின் அப்படங்கள் இருந்த இடத்தில் வெற்றுக்கட்டங்களே எஞ்சின.

முன்கூட்டியே விழித்துக்கொண்டோரும் உண்டு. நோபல் பரிசுபெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் என்னும் திட்டம், மின்சுற்று, அலை, ஊசல் முதலானவற்றை மாணவர் தாமே இயக்கிக் கற்கும் மெய்ந்நிகர் ஆய்வுக்கூடங்களை உருவாக்கியது. அவை ஜாவா, பிளாஷ் ஆகியவற்றில் எழுதப்பட்டிருந்தன. உலாவியிலேயே நேரடியாக இயங்கும் வடிவில் அவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் எழுதும் பணியை அக்குழுவினர் மேற்கொண்டனர். புதிதாக ஒன்றைப் படைத்தால் பாராட்டுக் கிடைக்கும். இருப்பதையே மீண்டும் எழுதினால் வெளியே தெரியாது. ஆயினும் இன்று கைப்பேசியில் அம்மின்சுற்றை இயக்கிப் பார்க்கும் மாணவர், வெளியே தெரியாத அவ்வுழைப்பின் பயனையே நுகர்கிறார்.

தமிழுக்கும் இத்துன்பம் நேர்ந்தது. தொடக்கக்காலத் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றத்தைப் பயன்படுத்தின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கங்கள் பொருளற்ற குறிகளின் குவியலாகவே தோன்றின. ஜெனிவா ஏரியின் கரையிலுள்ள லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒளிவேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம், 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தினார். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்கள் முதலில் தஸ்கி என்னும் குறியேற்றத்தில் வெளியாயின. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. மாற்றியதால்தான் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. மாற்றப்படாமல் கைவிடப்பட்ட அக்காலத் தளங்களில் எத்துணை எழுத்துகள் முடங்கிக் கிடக்கின்றனவோ!

பேணுநரின் நாள்கள்

இவ்வளவு பொறுப்பும் யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது? பல ஆய்வகங்களில் முனைவர் பட்ட மாணவர் ஒருவரே இப்பணியைக் கவனிக்கிறார். பட்டம் பெற்றதும் அவர் சென்றுவிடுவார். கடவுச்சொல், காப்புப்படி இருக்குமிடம், தளப்பெயரைப் புதுப்பிக்கவேண்டிய நாள் ஆகியவற்றை அவர் எழுதி வைக்காவிட்டால், செர்னில் 1989இல் கண்ட அதே சிக்கல் மீண்டும் தலைதூக்கும். தளத்தின் நம்பகத்தன்மையை உலாவிக்கு உறுதிசெய்யும் மின்சான்றிதழ்களுள் பலவற்றின் ஆயுள் 90 நாள்கள் மட்டுமே. புதுப்பிக்க மறந்தால், வருவோரை உலாவி வாயிலிலேயே தடுத்து எச்சரிக்கும்.

தொழில்நுட்பம் சாராத பணிகளும் உண்டு. ஆய்வகத்தை விட்டுச் சென்றவரின் பெயரை நீக்குவதா, முன்னாள் ஆய்வாளர் பட்டியலில் சேர்ப்பதா? பெயரை நீக்கினால் பக்கம் சிறிதாகும். ஆனால், பழைய கட்டுரையில் உள்ள ஐயத்தை யாரிடம் கேட்பது என்பது தெரியாமற்போகும். சேர்ப்பதே முறை. நடந்து முடிந்த கருத்தரங்கை 'விரைவில்' என்று அறிவித்துக்கொண்டிருக்கும் பக்கம், அதனருகேயுள்ள சரியான தரவின்மீதும் ஐயத்தை உண்டாக்கும். பேணுநர் அவ்வப்போது தம் தளத்தை முதன்முறையாக வந்த அயலாரைப்போல் படித்துப் பார்த்தால் இத்தகைய குறைகள் கண்ணில் படும்.

மீட்கப்பட்ட பக்கம்

வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்த நாள் 1993 ஏப்ரல் 30. அதன் இருபதாம் ஆண்டு நிறைவில், 2013ஆம் ஆண்டு, முதல் இணையதளத்தை மீட்கும் பணியை அந்நிறுவனம் தொடங்கியது. அவர்கள் முதலில் மீட்டது முகவரியை. பல்லாண்டுகளாகச் செயலற்றிருந்த அதே பழைய முகவரியில், கிடைத்தவற்றுள் பழமையான 1992ஆம் ஆண்டுப் படி மீண்டும் வைக்கப்பட்டது. இச்செய்தி பரவியபின், அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஜோன்ஸ் தம்மிடம் 1991ஆம் ஆண்டுப் படி ஒன்று உள்ளதாகத் தெரிவித்தார். பெர்னர்ஸ் லீ அங்கு வந்திருந்தபோது அவருக்கு அளித்த படி அது. தம் பழைய நெக்ஸ்ட் கணினியில் அதனை அழிக்காமல் அவர் வைத்திருந்தார். நிகோலா பெல்லோ எழுதிய வரிநிலை உலாவியின் தோற்றத்தையும் அதே ஆண்டில் நிரலாளர் குழுவொன்று மீண்டும் உருவாக்கியது. 2014இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக நூலகமும், நேர்கோட்டு முடுக்கி மையத்தின் தொடக்கக்காலப் பக்கங்களை மீட்டு வெளியிட்டது.

செர்னின் பழைய பக்கம் இன்றைய கைப்பேசி உலாவியிலும் எவ்விதத் தடையுமின்றித் திறக்கிறது. எளிய உரையால் அமைந்ததே அதற்குக் காரணம். வெண்ணிறப் பின்புலத்தில் கருப்பு எழுத்துகள். இடையிடையே நீலநிற இணைப்புகள். திட்டத்தில் பங்கேற்றோர் பட்டியலுக்கு ஓர் இணைப்பு, வரலாற்றுக்கு ஓர் இணைப்பு எனத் தொடரும் அவ்வரிசையின் இறுதிக்கருகே, இம்முயற்சிக்குத் தாம் எவ்வாறு உதவலாம் என்று வினவுவோர்க்கும் ஓர் இணைப்பு இருக்கிறது.